பூமலை யாருடையது? – அரசு நிலத்தில் தனியார் சங்கம் வளர்த்த தோட்டத்தின் வரலாறு

சிங்கப்பூரின் பெருவிரைவு ரயில் தடத்தில் ‘பூ மலை’ என்றொரு நிலையம் உண்டு. ஆங்கிலேயர் தாவரவியல் தோட்டம் என்று பெயரிட்ட இடத்தைத் தமிழர் பூமலை என்றே வழங்கிவந்தனர். அவ்வழக்கு இன்று நிலையப் பலகையிலும் இடம்பெற்றுள்ளது. கடல் கடந்து வந்தவர்கள் தாங்கள் கண்ட இடத்திற்குத் தங்கள் மொழியில் சூட்டிய பெயர் ஒன்று இன்றளவும் வாழ்வது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

மலாயாத் தமிழில் ‘தோட்டம்’ என்னும் சொல்லும் ஒரு தனிப்பொருள் பெற்றது. தமிழகத்தில் தோட்டம் என்றால் வீட்டுக்குப் பின்னுள்ள காய்கறிப் பாத்தியும் நினைவுக்கு வரலாம், தென்னந்தோப்பும் நினைவுக்கு வரலாம். மலாயாவில் தோட்டம் என்றால் நூற்றுக்கணக்கான ஏக்கர் பால்மரம், வரிசையாக நிற்கும் லயன் வீடுகள், ஒரு மாரியம்மன் கோவில், ஒரு தமிழ்ப்பள்ளி ஆகியவை சேர்ந்த ஓர் உலகம். பூமலை, தோட்டம் என்னும் இவ்விரு சொற்களையும் ஒரே மரம் இணைக்கிறது. அது ரப்பர் மரம்.

இவ்வுரையில் செடிகொடிகளின் வரலாற்றைவிட ஆட்சிமுறையின் வரலாற்றையே நாம் பெரிதும் காண விரும்புகிறோம். பொதுநிலத்தில் தனியார் பங்களிப்புடன் ஒரு தோட்டத்தை உருவாக்கும்போது யார் ஒப்புதல் அளிக்கிறார்கள்? யார் செலவை ஏற்கிறார்கள்? பயன் யாருக்குச் சேர்கிறது? முடிவெடுக்கும் அவையில் யார் அமர்ந்திருக்கிறார்கள், யார் இல்லை? பூமலையின் வரலாறு இந்நான்கு வினாக்களுக்கும் விடை தருகிறது.

1. ஒப்புதல் எளிது, பராமரிப்பு அரிது

1819ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஆங்கிலேய வணிகத்தளத்தை நிறுவிய ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் இயற்கை ஆய்வில் பேரார்வம் கொண்டவர். அவ்வாண்டிலேயே பெங்கூலனிலிருந்து சாதிக்காய், கிராம்புக் கன்றுகள் இங்குக் கொண்டுவரப்பட்டன. 1822இல் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தின் தலைவரான நதானியல் வாலிக் சிங்கப்பூருக்கு வந்தார். அவருடைய தூண்டுதலால், இன்று ஃபோர்ட் கென்னிங் எனப்படும் குன்றின் சாரலில் 48 ஏக்கர் நிலம் தாவரவியல், ஆய்வுத் தோட்டத்திற்கென ஒதுக்கப்பட்டது. வாசனைப் பயிர்களை இங்கு வளர்க்க இயலுமா என்று கண்டறிவது அதன் நோக்கம். வாசனைப் பொருள் வணிகத்தில் டச்சுக்காரருக்கு இருந்த ஆதிக்கத்தை உடைக்க வேண்டும் என்னும் எண்ணமும் அதன் பின்னால் இருந்தது.

அந்த ஒப்புதலுக்கு நீண்ட விவாதம் தேவைப்படவில்லை. ராஃபிள்ஸ் விரும்பினார், வாலிக் வழிகாட்டினார், நிலம் கிடைத்தது. ஆனால் வாலிக் கல்கத்தாவுக்குத் திரும்பினார்; ராஃபிள்ஸும் 1823இல் சிங்கப்பூரை விட்டுச் சென்றார். விரும்பியவர் சென்றபின் தோட்டத்திற்கு உரியவர் எவரும் இல்லை. 1829இல் அது மூடப்பட்டது.

இதற்கு ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. சிங்கப்பூர் சுங்கவரி இல்லாத் துறைமுகம். வணிகம் பெருகியபோதும் அரசின் கருவூலத்திற்கு அதற்கேற்ற வருவாய் வரவில்லை. அபினி, மது போன்றவற்றை விற்கும் உரிமையை ஏலம் விட்டுப் பெற்ற குத்தகைப் பணத்தையே ஆட்சி பெரிதும் நம்பியிருந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்து 1826இல் ஒரு மாகாணமாயின. செலவு தாங்காமல் 1830இல் அம்மாகாணம் வங்காள ஆட்சியின்கீழ் ஒரு சிறு பிரிவாகக் குறைக்கப்பட்டது. அத்தகைய நெருக்கடியில் முதலில் வெட்டுப்பட்டவற்றுள் தோட்டமும் ஒன்றாக இருந்ததில் வியப்பில்லை.

ஒரு தனி மனிதரின் ஆர்வத்தால் கிடைக்கும் ஒப்புதல் அவர் நீங்கியதும் வலுவிழக்கிறது. 48 ஏக்கர் நிலத்தை ஒதுக்க ஓர் ஆணை போதும். அந்நிலத்தில் ஆண்டுதோறும் களையெடுக்க ஒரு நிலையான ஏற்பாடு வேண்டும். முதல் தோட்டத்திற்கு ஆணை இருந்தது, ஏற்பாடு இல்லை.

2. சாதிக்காயை நம்பிய சங்கம்

இரண்டாவது முயற்சி தனியாரிடமிருந்து வந்தது. 1836இல் ஒரு வேளாண், தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. பழைய தோட்டத்தின் நிலத்தில் 7 ஏக்கர் அதற்குக் கிடைத்தது. அரசு நிலம், தனியார் உழைப்பு என்னும் கூட்டுமுறை சிங்கப்பூர்த் தோட்டக்கலையில் இவ்வாறு தொடங்கிற்று.

அக்காலத்தில் சிங்கப்பூரில் சாதிக்காய்ப் பித்து பரவியிருந்தது. இன்று கடைத்தொகுதிகள் நிறைந்த ஆர்ச்சர்ட் சாலைப் பகுதியிலும் தங்ளினிலும் சாதிக்காய்த் தோட்டங்கள் பரந்திருந்தன. ஆனால் சங்கத்தின் வாழ்வு சந்தை விலையோடு பிணைந்திருந்தது. சாதிக்காய் விலை சரிந்தபோது ஊக்கமும் சரிந்தது. 1846இல் அந்த முயற்சியும் கைவிடப்பட்டது. 1850களில் நோய் தாக்கி, அப்பத்தாண்டின் இறுதிக்குள் சாதிக்காய் மரங்கள் பெருமளவில் அழிந்தன.

முதல் தோட்டம் அரசின் கருவூலத்தை மட்டும் நம்பி 7 ஆண்டுகள் நின்றது. இரண்டாம் தோட்டம் உறுப்பினரின் ஆர்வத்தையும் சந்தையையும் நம்பிப் 10 ஆண்டுகள் நின்றது. இரண்டும் தனித்தனியே போதவில்லை.

3. தங்ளினில் ஒரு நிலமாற்று உடன்பாடு

1857இல் சிங்கப்பூரின் ஐரோப்பிய வணிகர்கள், தங்களை இந்திய ஆட்சியிலிருந்து பிரித்து இலண்டனின் நேரடி ஆட்சியில் வைக்குமாறு மனுச் செய்தனர். மறு ஆண்டு கிழக்கிந்தியக் கும்பெனியின் ஆட்சியே முடிவுக்கு வந்தது. தொலைவிலுள்ள கல்கத்தா நமக்கு எதையும் செய்யாது, வேண்டியதை நாமே செய்துகொள்ள வேண்டும் என்ற மனநிலை ஊரில் நிலவியது. அச்சூழலில், 1859இல், புதிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஒன்று உருவாயிற்று. இன்றைய பூமலையின் பிறப்பு இதுவே.

சங்கத்திற்குத் தங்ளினில் நிலம் கிடைத்த முறை கவனிக்கத்தக்கது. அந்நிலம் வாம்போ என்று அழைக்கப்பட்ட ஹூ ஆ கே என்னும் சீன வணிகருக்கு உரியதாக இருந்தது. சிராங்கூன் சாலையில் அவர் அமைத்திருந்த சொந்தத் தோட்டம் ஊரறிந்த ஒன்று. பின்னாளில், 1869இல், சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதல் ஆசியர் என்ற பெருமையும் அவருக்கு வாய்த்தது. ஆற்றோரத்தில் வணிகச் சிறப்புமிக்க போட் கீ பகுதியில் அவருக்கு நிலம் கிடைத்தது; அதற்கு மாற்றாகத் தங்ளின் நிலம் தோட்டத்திற்கு வந்தது. சங்கம் பெற்ற இடம் ஏறத்தாழ 22 எக்டர்.

இந்த உடன்பாட்டில் மூன்று தரப்பினர் இருந்தனர். அரசு பெரும் பணம் செலவிடவில்லை. வணிகர் தமக்கு ஏற்ற இடத்தைப் பெற்றார். சங்கம் நகருக்கு வெளியே பரந்த நிலத்தைப் பெற்றது. மூவருக்கும் நிறைவளித்த ஏற்பாடு என்பதாலேயே ஒப்புதல் எளிதாயிற்று. எனினும், சங்கத்தால் தோட்டத்தை நடத்த இயலாமற்போனால் என்ன செய்வது என்னும் வினா அங்கேயே காத்திருந்தது.

சங்கம் 1860இல் லாரன்ஸ் நிவன் என்பவரைப் பணியில் அமர்த்தியது. அவர் அண்டையிலிருந்த சாதிக்காய்த் தோட்டத்தில் பணியாற்றியவர். சாதிக்காயின் வீழ்ச்சி ஒருவகையில் பூமலைக்கு ஓர் ஆளைத் தந்தது என்றுகூடச் சொல்லலாம். வளைந்து செல்லும் பாதைகள், இசைக்குழு வாசிப்பதற்கான சமன்செய்த மேடு, புல்வெளிகள் ஆகியவற்றை ஆங்கிலேய நிலவடிவமைப்பு மரபில் அவர் அமைத்தார். 1866இல் அன்னப்பறவை ஏரி வெட்டப்பட்டது. ஏறக்குறைய 6 எக்டர் பரப்புள்ள இயற்கைக் காடு ஒன்றை வெட்டாமல் விட்டுவைத்தனர். தோட்டத்தைவிட மூத்த அக்காடு இன்றும் நடுவே நிற்கிறது. ஐந்து வெள்ளித் தாளில் நாம் காணும் தெம்புசு மரமும் இத்தோட்டத்தில் நிற்பதே. அதுவும் தோட்டம் தோன்றுவதற்கு முன்பே அங்கு வேரூன்றியிருந்தது.

தோட்டத்தின் பாதைகளையும் ஏரியையும் இன்று சுற்றிப் பார்ப்போர் பெரும்பாலும் நிவன் வகுத்த வரைவுக்குள்ளேதான் நடக்கின்றனர். சங்கம் நிதி நிர்வாகத்தில் இடறியது உண்மை. எனினும் அது விட்டுச்சென்ற வடிவம் 150 ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருக்கிறது. இதையும் நாம் நேர்மையுடன் பதிவு செய்தல் வேண்டும்.

4. கடனும் கைம்மாற்றமும்

சங்கத்தின் வருவாய் உறுப்பினர் சந்தாவிலிருந்து வந்தது. பூக்கண்காட்சிகள் நடந்தன. மாலைவேளைகளில் இராணுவ இசைக்குழு வாசித்தது. வசதி படைத்தோர் உலாவும் இடமாகத் தோட்டம் விளங்கியது. ஆனால் ‘வேளாண்’ என்னும் சொல் பெயரில் மட்டுமே பெரிதும் நின்றது. பயிராய்வுக்குத் தேவையான அறிவியல் பணியாளரை அமர்த்தும் வலிமை சந்தாப் பணத்திற்கு இல்லை.

1860களில் சங்கம் நிலத்தை விரிவாக்கியது. கண்காணிப்பாளருக்கென ஓர் இல்லம் எழுந்தது. பிற்காலத்தில் பர்க்கில் மாளிகை என்று பெயர் பெற்ற அவ்வீடு இன்றும் நிற்கிறது. அதற்கான செலவும் தோட்டப் பராமரிப்பும் சேர்ந்து சங்கத்தைக் கடனாளியாக்கின. 1874இல் சங்கம் தோட்டத்தை அரசிடம் ஒப்படைத்தது.

இதற்கிடையே ஆட்சியும் மாறியிருந்தது. 1867 ஏப்ரல் முதல் நாளன்று நீரிணைக் குடியேற்றங்கள் இலண்டனின் நேரடி ஆட்சிக்கு வந்தன. உள்ளூரிலேயே சட்டமன்றமும் வரவுசெலவுத் திட்டமும் இருந்தன. கல்கத்தாவின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டிய நிலை நீங்கியது. 1829இல் தோட்டத்தைக் கைவிட்ட ஆட்சி போன்றதன்று 1874இல் அதை ஏற்ற ஆட்சி. ஒரு திட்டம் பிழைப்பதற்குத் திட்டத்தின் தகுதி மட்டும் போதாது. அதை ஏற்கும் நிர்வாகத்தின் அமைப்பும் காரணமாகிறது.

1875இல் இலண்டனின் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற ஜேம்ஸ் மர்ட்டன் வந்தார். அவ்வாண்டில் தோட்டத்திற்குள் ஒரு விலங்குக்காட்சிசாலையும் தொடங்கியது. ஆளுநர் முதற்கொண்டு பலர் விலங்குகளைப் பரிசளித்தனர். புலிகளையும் காண்டாமிருகத்தையும் பரிசாகப் பெறுவது மகிழ்ச்சிக்குரியதே. நாள்தோறும் அவற்றுக்குத் தீனி போடுவது யார் என்பதே சிக்கல். பரிசுக்குச் செலவில்லை, தீனிக்குச் செலவுண்டு. தீனிச் செலவு பெரும் சுமையாகிக் காட்சிசாலை தேய்ந்தது, 1905இல் மூடப்பட்டது. நன்கொடையை ஏற்பதும் ஓர் ஒப்புதலே. அந்த ஒப்புதலுக்குள் பிற்காலச் செலவும் அடங்கியுள்ளது என்பதை இன்றைய பள்ளி நிர்வாகக் குழுக்களும் கோவில் நிர்வாகக் குழுக்களும் எண்ணிப் பார்க்கலாம்.

5. இருபது ஆண்டுக் காத்திருப்பு

1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அவ்விதைகளின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. சில இங்கு நடப்பட்டன. சில பேராக்கிலுள்ள கோலகங்சாருக்கு அனுப்பப்பட்டன. 1879இல் பூமலைக்கு வடக்கே ஏறக்குறைய 41 எக்டர் நிலம் சேர்க்கப்பட்டு, பொருளாதாரப் பயிர்களுக்கான தனித் தோட்டம் அமைந்தது. சங்கத்தின் காலத்தில் பெயரளவில் இருந்த வேளாண் நோக்கம் அரசின் காலத்தில் நிலம் பெற்றது.

அப்போது எந்தத் தோட்ட முதலாளிக்கும் ரப்பரில் நாட்டமில்லை. காப்பியும் கரும்பும் மரவள்ளியும் விரைந்து பணம் தந்தன. ரப்பர் மரமோ பால் தருவதற்கே ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 1888இல் தோட்டத்தின் தலைமையை ஏற்ற ஹென்றி ரிட்லி ரப்பரைப் பயிரிடுமாறு காண்போரிடமெல்லாம் சொல்லி வந்தார். அதனால் ‘பித்தர் ரிட்லி’ என்ற கேலிப்பெயரும் அவருக்கு ஏற்பட்டது. 1890களில் அவர் மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மெல்லிய சீவலாகச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சோதித்து நிறுவினார். மீன்முள் வடிவில் அமைந்த அவ்வெட்டில் அதே காயத்தை மீண்டும் சீவித் தொடர்ந்து பால் எடுக்கலாம். மரமும் பல ஆண்டுகள் வாழும்.

1896இல் டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிக நோக்கில் பயிரிட்டார். மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அதன்பின் காப்பி விலை வீழ்ந்தது. காற்றடைத்த சக்கரங்களும் மோட்டார் வண்டிகளும் பெருகின. நேற்றுவரை கேலி செய்தவர்கள் இன்று விதைக்காக வரிசையில் நின்றனர். 1917க்குள் பூமலை 70 இலட்சத்திற்கும் மேற்பட்ட ரப்பர் விதைகளை வழங்கியிருந்தது. 1920 அளவில் உலகின் ரப்பரில் பாதிக்கு மேல் மலாயாவில் விளைந்தது.

1877 தொடங்கி 1896 வரை 19 ஆண்டுகள். இக்காலம் முழுவதும் விலைபோகாத ஒரு மரத்தைப் பொதுப்பணமே காத்தது. சந்தாவை நம்பிய சங்கத்தால் இத்தனை ஆண்டுகள் பொறுத்திருக்க இயன்றிருக்காது. சந்தையை நம்பிய முதலாளியும் பொறுத்திருக்கமாட்டார். 1874இல் தோட்டம் கைமாறியிராவிட்டால் மலாயாவின் ரப்பர் வரலாறு வேறாக அமைந்திருக்கக்கூடும். நெடுங்காலப் பொறுமை பொதுநிறுவனத்தின் வலிமை. வாய்ப்பு கண்டதும் விரைந்து முதலிடுவது தனியாரின் வலிமை. இரண்டும் ரப்பரில் ஒன்றையொன்று நிறைவு செய்தன.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. பொதுப்பணத்தில் காத்த மரத்தின் இலாபம் யாருக்குச் சென்றது? அதன் பாலை யார் வெட்டினார்கள்?

6. அவையில் இல்லாதவர்கள்

இங்கே பூமலையை விட்டுத் தோட்டத்திற்குச் செல்கிறோம். ரப்பர்க் காடுகள் விரிந்தபோது ஆட்கள் தேவைப்பட்டனர். சென்னை மாகாணத்தின் சிற்றூர்களிலிருந்து தமிழர்கள் கங்காணிகள் வழியாக வந்தனர். 1907இல் தமிழர் குடிவரவு நிதி என்னும் ஏற்பாடு சட்டமாயிற்று. தொழிலாளரை அமர்த்தும் முதலாளிகள் ஒவ்வொருவரும் அந்நிதிக்குப் பணம் செலுத்த வேண்டும். அதிலிருந்து தொழிலாளரின் கப்பல் செலவு ஏற்கப்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தது. அந்நிதியை மேற்பார்வையிட்ட குழுவில் அரசு அதிகாரிகளும் தோட்டத்துறையினரும் அமர்ந்தனர்.

இதுவும் அரசும் தனியாரும் இணைந்து நடத்திய ஒரு நிர்வாகமே. நிதி திரட்டும் முறை தெளிவாக இருந்தது. பொறுப்பு வகுக்கப்பட்டிருந்தது. 1836, 1859ஆம் ஆண்டுச் சங்கங்களைவிட இந்த அமைப்பு எவ்வளவோ உறுதியானது. இருப்பினும், விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நின்று, பால் உறையுமுன் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி முடித்தவர் அந்த மேசையில் அமரவில்லை. அவர் எத்தனை பேர் வரவேண்டும், எப்போது வரவேண்டும் என்பவையெல்லாம் பிறர் எடுத்த முடிவுகள்.

ரிட்லி கண்டறிந்த வெட்டுமுறையை நாள்தோறும் செய்துகாட்டியவை நம் முன்னோரின் கைகள். பட்டையைச் சற்று ஆழமாகச் சீவினால் மரம் புண்படும்; மேலோட்டமாகச் சீவினால் பால் வாராது. அந்த நுண்மையை நூலில் படித்துக் கற்க இயலாது. ‘பால்வெட்டு’ என்னும் எளிய சொல்லுக்குள் அறிவியலாளரின் கண்டுபிடிப்பும் தொழிலாளியின் கைத்திறனும் சேர்ந்தே அடங்கியுள்ளன. முன்னவரின் பெயர் நூல்களில் உள்ளது. பின்னவர்களின் பெயர்கள் ஊதியப் பதிவேடுகளோடு மறைந்தன.

அனுமதி அளிக்கும் அரசு கடமையையும் விதிக்கலாம் என்பதற்கும் தோட்டங்களே சான்று. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் ஒரு தோட்டத்தில் இருந்தால் அங்குப் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. பல இடங்களில் அப்பள்ளி ஒரு கொட்டகையாகவே இருந்தது. கணக்கெழுதும் கிராணியோ எழுத்தறிந்த கங்காணியோ ஆசிரியரானார். சட்டத்தின் சொல்லை நிறைவேற்றிய முதலாளிகள் பலர். அதன் நோக்கத்தை நிறைவேற்றியவர்கள் சிலர். ஆனால் அந்த ஒரு விதி இல்லாதிருந்தால் மலேசியாவின் தமிழ்ப்பள்ளிகளுள் பல தோன்றியே இருக்கமாட்டா. அவையில் அமர்வதற்கு இடமில்லாதவரின் நலனை ஒப்புதலின் நிபந்தனையாக எழுதி வைத்தால், அதன் பயன் தலைமுறைகளைக் கடந்தும் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நமக்கு வேண்டுவதில்லை.

7. இணக்கமான கூட்டும் இழந்த நிலமும்

அரசும் தனியாரும் இணைந்து இயங்கியதில் நல்ல எடுத்துக்காட்டுகளும் உண்டு. ஆக்னஸ் ஜோக்கிம் என்னும் அர்மீனியப் பெண்மணி தம் வீட்டுத் தோட்டத்தில் கண்ட ஆர்க்கிட் பூவை ரிட்லியிடம் கொண்டு சென்றார். 1893இல் ரிட்லி அதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தி, அவர் பெயரையே அதற்குச் சூட்டினார். 1899ஆம் ஆண்டு மலர்க் கண்காட்சியில் அப்பூ பரிசு பெற்றது. 1981இல் அது சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. வீட்டுத்தோட்டத்தில் பிறந்த ஒன்று பொதுநிறுவனத்தின் வழியாக நாட்டின் சின்னமானது.

1920களில் தோட்டத்தின் தலைவரான எரிக் ஹால்ட்டம் ஆய்வுக்கூடத்தில் ஆர்க்கிட் கலப்பினங்களை வளர்த்தார். 1928இல் ஆர்வலர்கள் மலாயா ஆர்க்கிட் சங்கத்தை நிறுவினர். அறிவியல் அரசிடம், ஆர்வம் மக்களிடம் என்று பணி பிரிந்தது. சங்கம் தோட்டத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளவில்லை. அதன் துணையாக நின்றது. 1859இல் காணாத தெளிவு இங்குக் காணப்படுகிறது.

அதே காலத்தில் மற்றொன்றும் நடந்தது. ரப்பரை வளர்த்த பொருளாதாரத் தோட்டம் 1920களில் மூடப்பட்டு, நிலம் ராஃபிள்ஸ் கல்லூரிக்குச் சென்றது. கல்லூரியும் நாட்டுக்குத் தேவைதான். ஆயினும் உலகச் சந்தையையே மாற்றிய ஒரு நிலத்திற்கு அந்தச் சாதனையே காப்பாகவில்லை. கல்லூரி என்னும் மற்றொரு பொதுத்தேவை எழுந்தபோது, அதன் பழைய பயன்பாட்டைக் காக்க வலுவான விதி இல்லை.

இன்று நிலைமை வேறு. 1990இல் தேசியப் பூங்காக் கழகம் சட்டப்படி நிறுவப்பட்டது. பூமலை அதன் பொறுப்பில் உள்ளது. சிறுவர் தோட்டம் போன்ற பகுதிகள் நன்கொடையால் எழுந்தபோதும் உரிமையும் பராமரிப்பும் பொதுநிறுவனத்திடமே உள்ளன. 2015 ஜூலை 4ஆம் நாள் யுனெஸ்கோ பூமலையை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அறிவிக்கப்பட்ட பகுதி 49 எக்டர். அதைச் சுற்றிலும் 137 எக்டர் காப்பு வளையமும் வரையறுக்கப்பட்டுள்ளது. வெளியே எழும் கட்டடங்களும் தோட்டத்தைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதற்கான ஏற்பாடு அது. 1822இல் ஒருவரின் விருப்பத்தில் தொங்கிய ஒப்புதல், 2015இல் உலகின் முன் நாடு அளித்த உறுதிமொழியாக வளர்ந்துள்ளது.

நிறைவாக

தொடக்கத்தில் நான்கு வினாக்களை முன்வைத்தோம். ஒப்புதலைப் பெரும்பாலும் செல்வாக்குள்ளோர் எளிதில் பெற்றனர். செலவை எவரும் முதலில் தெளிவாக வகுக்கவில்லை. அதனால் இரண்டு தோட்டங்கள் அழிந்தன, மூன்றாவது கடனில் மூழ்கிக் கைமாறியது. பயன், நெடுநாள் காத்த பொதுமக்களைவிட இறுதியில் வந்த முதலீட்டாளருக்கே மிகுதியாகச் சேர்ந்தது. உழைத்தோர் அவையில் இல்லை.

தேசியச் செய்திகளில் இன்றும் அரசு, தனியார் கூட்டுமுயற்சிகளைப் பற்றிப் படிக்கிறோம். அவற்றைப் படிக்கும் மாணவர்கள் திறப்பு விழாப் படத்தோடு நின்றுவிடாமல், பத்து ஆண்டுக்குப் பிந்திய பராமரிப்பு யாருடையது என்று கேட்கப் பழக வேண்டும். ஆசிரியர்கள் இவ்வரலாற்றை வகுப்பில் எடுத்துச் சொல்லும்போது, மாணவர்தம் குடும்பத்து முதியோரிடம் தோட்ட வாழ்வு பற்றிக் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். பால்வெட்டு, பெரட்டு, லயன், கிராணி, கங்காணி ஆகிய சொற்களை வாழ்ந்து அறிந்த தலைமுறை நம்மிடையே குறைந்து வருகிறது. பதிவேடுகள் காக்காத வரலாற்றைச் சொற்களேனும் காக்கட்டும்.

பூமலை என்று பெயரிட்டவர்களுக்கு அந்நிலத்தின் நிர்வாகத்தில் எந்த இடமும் அளிக்கப்படவில்லை. எனினும் அவர்கள் இட்ட பெயர் நிலைத்துவிட்டது. அங்கிருந்து சென்ற விதைகளில் முளைத்த மரங்களின் நிழலில் அவர்களுடைய பிள்ளைகள் தமிழ் படித்தனர். ஆகவே, பூமலை யாருடையது என்னும் வினாவிற்கு, அதை வளர்த்த அனைவருக்கும் உரியது என்று நாம் விடை கூறலாம். அவ்விடையை உண்மையாக்குவது, இனிவரும் திட்டங்களில் அவர்கள் அனைவருக்கும் அவையில் ஓர் இருக்கை கிடைப்பதைப் பொறுத்தது.